ரயில்வே மசோதா நிறைவேறிவிட்டது, எங்கள் பாதைக்கான பணம் எங்கே?

கரிசல்காட்டான்:

வணக்கம். நாடாளுமன்ற நடைமுறையும் ரயில்வே கணக்கும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். எங்கள் சங்கத்தில் முப்பது நாற்பது பேர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதி ஊர்களை இணைக்க ஒரு புதிய ரயில் பாதை அறிவித்து பதினான்கு வருடம் ஆகிறது. பயணிகள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் வருடா வருடம் மனு எழுதுவது என் வேலை. 2024 டிசம்பரில் மனு கொடுக்கப் போன இடத்தில் ஒருவர், "ரயில்வே மசோதா மக்களவையில் பாஸ் ஆகிவிட்டது, மாநிலங்களவையிலும் முடிந்ததும் உங்கள் வேலை தொடங்கிவிடும்" என்றார். அதை நம்பி மார்ச் 10ஆம் தேதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நோட்டும் பேனாவுமாக, நாடாளுமன்றத்தைக் காட்டும் சன்சத் டிவி முன்னால் உட்கார்ந்தேன். பல உறுப்பினர்கள் தங்கள் தொகுதிப் பாதைகளைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் மசோதாவில் இருந்தது ரயில்வே வாரியம், 1905ஆம் வருடச் சட்டம், 1989ஆம் வருடச் சட்டம், இவ்வளவுதான். கடைசியில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. என் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், அதில் எங்கள் பாதைக்குப் பயன்படும் ஒரு வரி கூட இல்லை.

அதற்குள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன.

இன்னொன்று. ரயில்வே வேலைகளுக்கான ஒதுக்கீட்டைப் பட்டியலிடும் பிங்க் புக்கில் எங்கள் பாதைக்கு இந்த வருட ஒதுக்கீடு 1,000 ரூபாய். கோடியும் இல்லை, லட்சமும் இல்லை, வெறும் ஆயிரம். ஒரு கல் நடக்கூட அது போதாது. ஏன் இப்படிப் போடுகிறார்கள்? எங்கள் பாதைக்கு எவ்வளவு பணம் என்பதை யார், எந்த மாதத்தில் முடிவு செய்கிறார்கள்? நாங்கள் தப்பான கதவைத்தான் இத்தனை வருடமும் தட்டிக்கொண்டிருந்தோமா?

---

இரவுப்பயணி:

கரிசல்காட்டான் அண்ணே, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது ரயில்வே திருத்த மசோதா, 2024. அதற்கும் பாதைக்கான பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ரயில்வே வாரியத்துக்கென்று 1905இல் தனிச் சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். அதை ரத்து செய்துவிட்டு, வாரியம் பற்றிய பிரிவுகளை 1989ஆம் வருட ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் இந்த மசோதா.

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி மக்களவையில் அறிமுகமானது. அன்றே கூட்டத்தொடர் முடிந்துவிட்டதால் குளிர்காலத் தொடர் வரை கிடப்பில் இருந்தது. டிசம்பர் 11இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவைக்கு வர 2025 மார்ச் 10 ஆகிவிட்டது. சின்ன மசோதா ஒன்றுக்கே ஏழு மாதம். எந்த மசோதாவை எப்போது எடுக்க வேண்டும் என்று அரசு பட்டியல் கொடுக்கும். எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு பேசி முடிவு செய்யும். மக்களவையில் அந்தக் குழுவுக்குச் சபாநாயகர் தலைவர். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் எல்லாம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும்.

புதிய பாதை போட மசோதாவே தேவையில்லை. பட்ஜெட்டில் பணம் இருந்தால் போதும். அதைப் பற்றி இங்கே 'பழையகணக்கு' ஐயா எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பழையகணக்கு:

தம்பி அழைத்ததால் எழுதுகிறேன். ரயில்வே கட்டுமானப் பிரிவின் கணக்குக் கிளையில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வலித்தது அதுதான். அந்தப் புத்தகத்தின் முழுப் பெயர் பணிகள், இயந்திரங்கள், ரயில் வண்டிகளுக்கான திட்டம் என்று வரும். பிங்க் புக் என்பது நிறத்தால் வந்த பெயர். அதில் தொகையெல்லாம் ஆயிரத்தில் போட்டிருக்கும். உங்கள் பாதைக்கு நேராக '1' என்று ஓர் எண் மட்டும் இருந்தால் ஆயிரம் ரூபாய் என்று அர்த்தம். அந்த ஒன்று இருக்கிறதே, அதுதான் உங்கள் பாதையின் உயிர்.

ஏன் என்று சொல்கிறேன். நாடாளுமன்றம் அனுமதிக்காத புதிய வேலைக்கு அரசு பணம் செலவழிக்க முடியாது. பட்ஜெட்டில் பெயரே இல்லாத ஒரு வேலையை வருட நடுவில் தொடங்க வேண்டும் என்றால், கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கையோடு மறுபடி அவைக்குப் போயாக வேண்டும். பெயர் இருந்து, பக்கத்தில் ஆயிரம் ரூபாய் இருந்தால், ஒரு பாதையில் செலவாகாமல் நிற்கும் பணத்தை இன்னொரு பாதைக்கு விதிகளுக்கு உட்பட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே 'ஒதுக்கீடு ஆயிரம்தான்' என்று மனம் உடைந்துவிடாதீர்கள். புத்தகத்தில் பெயரே இல்லாமல் போவதுதான் பயப்பட வேண்டிய நிலை. அதற்காக ஆயிரம் ரூபாயைக் கொண்டாடவும் வேண்டாம். 'நீ வரிசையில் இருக்கிறாய், உன் முறை வரவில்லை' என்பதுதான் அதன் பொருள். வருடக்கணக்கில் அப்படியே நின்ற பாதைகளும் உண்டு.

சரி, முறை எப்போது வரும்? ரயில்வேயின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது புரியும். 2023-24இல் இயக்க விகிதம் 98.43. நூறு ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 43 பைசா செலவு. மிச்சம் ஒன்றரை ரூபாய். அதை வைத்துக்கொண்டு புதிய பாதை போட முடியாது. அதனால்தான் மத்திய அரசு தன் பொது நிதியிலிருந்து மூலதனமாகக் கொடுக்கிறது. 2025-26க்கு அது ஏறத்தாழ 2.52 லட்சம் கோடி ரூபாய். முன்பு இந்தியன் ரயில்வே ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் சந்தையில் கடன் வாங்கி, எஞ்சினும் பெட்டியும் வாங்கி, ரயில்வேக்குக் குத்தகைக்கு விடும். 1986இல் அதற்கென்றே தொடங்கிய நிறுவனம் அது. இப்போது அந்தக் கடனை நம்புவது வெகுவாகக் குறைந்து, பெரும்பகுதி அரசு கொடுக்கும் பணம்தான். ஆகவே உங்கள் பாதை நாடாளுமன்றத்தின் ஒப்புதலை நம்பித்தான் இருக்கிறது, மசோதாவை அல்ல, அமைச்சகம் தன் செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைக்கும் மானியக் கோரிக்கையை.

ரயில்வே அமைச்சகத்துக்கு இப்போது ஒரே ஒரு மானியக் கோரிக்கை. தனி ரயில்வே பட்ஜெட் இருந்த காலத்தில் 16 இருந்தன. அதன் மேல் வாக்களிப்பது மக்களவை மட்டும்தான். மாநிலங்களவையில் அமைச்சகத்தின் செயல்பாடு பற்றிப் பேசலாம், வாக்குக் கிடையாது. பிப்ரவரி 1இல் பட்ஜெட், நடுவில் கூட்டத்தொடருக்கு இடைவேளை. அந்த இடைவேளையில் நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழு உட்கார்ந்து கோரிக்கையைப் பரிசீலிக்கும். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். டிவியில் காட்ட மாட்டார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் 'இந்தப் பாதைக்கு ஏன் பணம் செலவாகவில்லை' என்று வாரிய அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கும் இடம் அதுதான். எங்கள் அலுவலகத்துக்கு அந்த நாட்களில் வரும் கேள்வித்தாள்களுக்கு இரவு எட்டு, ஒன்பது மணி வரை பதில் தயாரித்திருக்கிறோம். ஒரு கேள்வி வந்தால் கோப்பு நகரும். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

மார்ச்சில் அவை மறுபடி கூடியதும் நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைகளை மட்டும் விவாதத்துக்கு எடுப்பார்கள். கடைசி நாளில் குறித்த நேரம் வந்ததும் மிச்சம் இருக்கும் எல்லாக் கோரிக்கைகளையும் சபாநாயகர் ஒரேயடியாக வாக்குக்கு விடுவார். கில்லட்டின் என்பது இதுதான். பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதா. அது நிறைவேறினால்தான் அரசின் பொதுக் கருவூலமான தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயாவது எடுக்க முடியும். அந்த மசோதாவில் தொகையையோ, அது எதற்கு என்பதையோ மாற்றும் திருத்தம் கொண்டுவர அரசியலமைப்பின் 114ஆம் பிரிவு இடம் கொடுக்காது. அங்கே போய் 'எங்கள் பாதைக்கு இன்னும் பத்துக் கோடி சேருங்கள்' என்று எந்த உறுப்பினராலும் சொல்ல முடியாது.

முடிவெடுக்கும் மாதம் எது என்று கேட்டீர்களே, உங்கள் மனுவைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். மார்ச் மாதம் மனு கொடுத்தால் பிங்க் புக் அச்சாகி முடிந்திருக்கும். அடுத்த வருடத்துக்கான பணித் திட்டத்தை மண்டல ரயில்வே தயாரித்து வாரியத்துக்கு அனுப்புவது மழைக்காலத்தை ஒட்டி. டிசம்பரில் திருத்திய மதிப்பீடு, அதாவது நடப்பு வருட ஒதுக்கீட்டை மறுபடி கணக்கிடுவது. எந்தப் பாதையில் பணம் தேங்கி நிற்கிறது, எங்கே வேலை ஓடுகிறது என்று பார்த்து மாற்றிக் கொடுப்பது அப்போதுதான்.

ஒரு டிசம்பர் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பாதையில் நிலம் கைக்கு வராததால் ஒதுக்கிய பணம் அப்படியே கிடந்தது. மார்ச் 31 தாண்டினால் திரும்பிப் போய்விடும். இன்னொரு பாதையில் ஆற்றுப் பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரரின் பில் மேசையில் காத்திருக்கிறது, அந்தப் பாதையின் கணக்குத் தலைப்பில் பணம் இல்லை. எங்கள் பிரிவு அதிகாரி இரண்டு பாதைகளின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டினார். அது மேலே போய் ஒப்புதலாகி வந்தது. பாலம் நிற்கவில்லை. பாலம் கிடைத்த ஊர்க்காரர்கள் அந்த வருடம் யாரிடமும் மனு கொடுத்ததாக எனக்குத் தெரியாது. அவர்களிடம் நிலம் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் பாதைக்கு நிலம் எடுப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நம் மாநிலத்தில் அதைச் செய்து தருவது வருவாய்த் துறை. டெல்லியை மட்டும் பார்த்து மனு எழுதிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

---

மலைப்பாதை:

ஐயா சொன்ன எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தில் என் மனம் ஆறவில்லை. தனி ரயில்வே பட்ஜெட் இருந்தபோது ரயிலுக்கென்று ஒரு நாள் இருந்தது. நாடே அன்று ரேடியோவைக் கேட்டது. 1924இல் பொது பட்ஜெட்டிலிருந்து பிரித்ததை 2017இல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்த பிறகு என்ன ஆயிற்று? 2018இல் ஒரு அமைச்சகத்தின் கோரிக்கை கூட விவாதத்துக்கு வராமல் கில்லட்டினில் போனது. 2023இல் ரயில்வே விவாதப் பட்டியலில் இருந்தது, இருந்தும் அமளியில் ஒரு வார்த்தை பேசாமல் நிறைவேறியது. கோடிக்கணக்கான பேர் பயணம் செய்யும் துறைக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அது வருத்தம்தான்.

நான் போடிநாயக்கனூர் பக்கம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். 90 கிலோமீட்டர். துண்டு துண்டாகத் திறந்து, தேனிக்கு ரயில் வந்தது 2022 மே, போடிக்கு வந்தது 2023 ஜூன். மூடியபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகன், திறந்தபோது கல்லூரியை முடித்துவிட்டான். இதையெல்லாம் அவையில் யாராவது எழுந்து நின்று சொல்ல ஒரு நாள் வேண்டும் இல்லையா?

---

பழையகணக்கு:

மலைப்பாதை, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பணக் கணக்கில் சேர்த்தது நல்லது. ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த அக்வொர்த் குழு 1921இல் பரிந்துரை செய்து, 1924 செப்டம்பரில் பிரித்தபோது, ரயில்வே பொது நிதிக்கு வருடம்தோறும் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அது பிற்பாடு ஈவுத்தொகை என்ற பெயரில் தொடர்ந்தது. அரசு போட்ட மூலதனம் 2.27 லட்சம் கோடி என்று கணக்கு வைத்து, அதற்காக வருடம் சுமார் 9,700 கோடியை ரயில்வே திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பது. அந்தத் தாளை எத்தனை வருடம் நான் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன்! சேர்த்ததோடு அந்தக் கடமை நீங்கிவிட்டது. போடிப் பாதை தாமதமானது முழுக்கத் தனி பட்ஜெட் இருந்த காலத்தில் தொடங்கிய கதை என்பதையும் மறக்காதீர்கள். அறிவிப்பு நாள் கோலாகலமாக இருந்தது, அறிவித்த பாதைகளுக்கெல்லாம் பணம் இருந்ததா என்றால் இல்லை. ஆயிரம் ரூபாய் வழக்கம் அன்றும் இருந்தது.

விவாத நேரம் வேறு கேள்வி. அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் தனி பட்ஜெட் இல்லாவிட்டாலும் அவை நினைத்தால் நேரம் கிடைக்கும்.

---

இரவுப்பயணி:

அதற்குச் சாட்சி 2019 ஜூலை 11. ரயில்வே மானியக் கோரிக்கைக்காக மக்களவை அன்று இரவு 11.58 வரை உட்கார்ந்தது. ஏறத்தாழ நூறு உறுப்பினர்கள் பேசினார்கள். நான் அன்று முழுக்கப் பார்த்தேன். முதல்முறை உறுப்பினர்கள் பலர், கையில் தாளோடு, இரண்டு மூன்று நிமிடத்தில் தங்கள் ஊர் நிலையத்துக்கு நடைமேம்பாலம், லெவல் கிராஸிங்குக்கு சுரங்கப்பாதை, நிற்காமல் போகும் ரயிலுக்கு நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். பெரிய பேச்சாளர் யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

2025இலும் மார்ச் மூன்றாம் வாரத்தில் ரயில்வே கோரிக்கை விவாதத்துக்கு வந்தது. கரிசல்காட்டான் அண்ணே, நீங்கள் லீவு போட வேண்டியது அந்த நாளுக்குத்தான்.

---

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. இதைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பதினான்கு வருடமாக நாங்கள் மனு கொடுத்த தேதிகளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று பிப்ரவரி, மார்ச்சில்தான். பட்ஜெட் வருகிறதே என்று பதறிப்போய்க் கொடுத்தவை.

பழையகணக்கு ஐயா, இரண்டு சந்தேகம். நிலம் எடுப்பு எந்த நிலையில் என்பதை எங்கே கேட்பது? அப்புறம், எங்கள் எம்.பி. ரயில்வே நிலைக்குழுவில் இல்லை. வேறு எந்த வழியில் அவரால் எழுத்துப்பூர்வமாக ஒரு பதில் வாங்க முடியும்? வாய்மொழி வாக்குறுதி போதும் என்ற நிலையைத் தாண்டிவிட்டோம்.

---

பழையகணக்கு:

நிலத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நில எடுப்புப் பிரிவு இருக்கும். எந்தெந்த கிராமத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறது, எத்தனை ஹெக்டேர், இழப்பீடு கொடுத்தாயிற்றா என்று கிராமவாரியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். அதேபோல் ஒரு மனுவை மண்டல ரயில்வேயின் கட்டுமானப் பிரிவுக்கும் போடுங்கள், கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தப் பாதைக்கு இதுவரை செலவு எவ்வளவு, மதிப்பீடு எவ்வளவு, விரிவான மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா. 'எப்போது முடியும்' என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு பொதுவான வாக்கியம்தான் பதிலாக வரும்.

எம்.பி.யைப் பொறுத்தவரை நட்சத்திரமிடாத கேள்வி போதும். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையிலேயே பதில் சொல்லுவார், துணைக் கேள்வியும் கேட்கலாம், ஆனால் குலுக்கலில் முன்னால் வர வேண்டும், வந்தாலும் அன்று அமளி இருந்தால் வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்வியும் போயிற்று. நட்சத்திரமிடாத கேள்விக்கு அவை நடந்தாலும் நடக்காவிட்டாலும் எழுத்தில் பதில் அவை மேசைக்கு வந்துவிடும். மக்களவை விதி 377இன் கீழும் எழுப்பலாம், அதற்கும் அமைச்சகம் கடிதம் அனுப்பும். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். செலவு, நிலம், இந்த வருட ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் கூட்டப்பட்டதா, நான்கும் ஒரே கேள்வியில் அடங்கும்.

நிலத்தின் விவரம் ஆகஸ்டுக்குள் உங்கள் கைக்கு வந்துவிட்டால் இங்கே போடுங்கள். மண்டலத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.

---

கரிசல்காட்டான்:

நாளை காலை ஆட்சியர் அலுவலகம் போகிறோம், நானும் சங்கத் தலைவரும். பாதை போகும் 19 கிராமங்களின் பெயரையும் இரவே எழுதி வைத்துவிட்டேன்.